அழற்சிச் சைட்டோக்கைன்

அழற்சிச் சைட்டோக்கைன்கள் என்பன வெள்ளையணுக்களும் வேறு சில உயிரணுக்களும் வெளியிடும் சிறு புரதங்கள் ஆகும். நுண்ணுயிர்கள் உடலுக்குள் நுழையும்போதோ திசுக்கள் சிதையும்போதோ இவை சுரந்து, அருகிலுள்ள உயிரணுக்களுக்கும், தேவைப்படின் தொலைவிலுள்ள உறுப்புகளுக்கும் வேதிவழியாகச் செய்தி கொண்டு செல்கின்றன. காயம்பட்ட இடம் சிவந்து வீங்குவது, வெள்ளையணுக்கள் அங்கே திரள்வது, காய்ச்சல் ஏற்படுவது ஆகியவை பெருமளவு இச்செய்திகளின் விளைவுகளே. கட்டி நசிவுக் காரணி, இன்டர்லியூக்கின்-1, இன்டர்லியூக்கின்-6, இன்டர்லியூக்கின்-8 ஆகியவை இவ்வகையில் முதன்மையானவை.

இப்புரதங்கள் தாக்குதல் நடந்த இடத்தில், சிறு அளவில், குறுகிய காலத்துக்குச் சுரக்கும்போது உயிரைக் காக்கின்றன. இதே புரதங்கள் குருதியோட்டம் முழுவதும் பெருகினால் சில மணி நேரத்தில் உயிருக்கு இடராகலாம். சிறு அளவிலேனும் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் மூட்டுகளையும் குடலையும் குருதிக் குழாய்களையும் சேதப்படுத்துகின்றன. எனவே இவற்றை நல்லவை, தீயவை என இரு கூறாகப் பிரிக்க இயலாது. எங்கே, எவ்வளவு, எவ்வளவு காலம் என்பவையே இவற்றின் விளைவைத் தீர்மானிக்கின்றன.

பெயர்

சைட்டோக்கைன் என்னும் சொல், உயிரணு, இயக்கம் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து ஆக்கப்பட்டது. நிணநீரணுக்கள் வெளியிடும் செயலூக்கமுள்ள பொருள்களுக்கு 1969 ஆம் ஆண்டில் லிம்ஃபோக்கைன் என்று பெயர் இடப்பட்டது. இத்தகைய பொருள்களைப் பிற உயிரணுக்களும் சுரக்கின்றன என்று தெரிந்தபின், 1974 ஆம் ஆண்டில் ஸ்டான்லி கோஹென் என்னும் நோயியலாளர் சைட்டோக்கைன் என்ற பொதுப்பெயரை முன்மொழிந்தார். இவர் வளர்ச்சிக் காரணி ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற அதே பெயருடைய அறிவியலாளர் அல்லர்.

1979 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் நடந்த ஆய்வாளர் கூட்டம் ஒன்றில் இன்டர்லியூக்கின் என்ற சொல் ஏற்கப்பட்டது. 'வெள்ளையணுக்களுக்கு இடையில்' என்பது இதன் பொருள். இன்று இன்டர்லியூக்கின்கள் எண்களால் குறிக்கப்படுகின்றன. இவ்வெண்கள் பெரும்பாலும் அறியப்பட்ட வரிசையைக் காட்டுவனவேயன்றி, வலிமையையோ செயலையோ காட்டுவன அல்ல. கட்டி நசிவுக் காரணி போன்ற பெயர்களும் அப்புரதம் முதன்முதலில் எந்த ஆய்வில் கண்டறியப்பட்டது என்பதையே காட்டுகின்றன. உடலில் அதன் முதன்மையான பணி கட்டிகளை அழிப்பது அன்று.

அழற்சியின் அறிகுறிகள்

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உரோம எழுத்தாளர் செல்சசு, அழற்சிக்குச் சிவத்தல், வீக்கம், வெப்பம், வலி என நான்கு அறிகுறிகளைக் குறிப்பிட்டார். பாதிக்கப்பட்ட உறுப்பு தன் செயலை இழத்தல் என்னும் ஐந்தாவது அறிகுறி பின்னர்ச் சேர்க்கப்பட்டது. காலில் முள் குத்தி, மறுநாள் அவ்விடம் சீழ் பிடித்தால் இந்த ஐந்தையும் ஒருங்கே காணலாம்.

இவ்வறிகுறிகள் ஒவ்வொன்றும் வேதிக்குறிகளின் விளைவாகும். நுண்ணிய குருதிக் குழாய்கள் விரிவதால் அவ்விடத்துக்குக் குருதி மிகுதியாகப் பாய்ந்து சிவப்பும் வெப்பமும் உண்டாகின்றன. குழாய்ச் சுவரின் உயிரணுக்களுக்கு இடையே இடைவெளி ஏற்பட்டு நீர்மம் கசிவதால் வீக்கம் தோன்றுகிறது. நரம்பு முனைகளின் உணர்திறன் கூடுவதால் வலி மிகுகிறது. வீக்கமும் வலியும் சேர்ந்து உறுப்பை அசையவிடாமல் செய்கின்றன.

வரலாறு

வெள்ளையணுக்களும் அழற்சியும்

1867 ஆம் ஆண்டில் ஜெர்மானிய நோயியலாளர் யூலியஸ் கோன்ஹைம், தவளையின் மெல்லிய திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து, வெள்ளையணுக்கள் குருதிக் குழாயின் சுவரைக் கடந்து வெளியேறுவதை விவரித்தார். 1882 ஆம் ஆண்டில் இத்தாலியின் மெசினா நகரில் இலியா மெச்னிக்கோவ், நட்சத்திர மீனின் ஒளி ஊடுருவும் இளவுயிரியில் முள்ளைக் குத்தி வைத்தார். நகரும் உயிரணுக்கள் அம்முள்ளைச் சுற்றித் திரண்டதைக் கண்டு, உயிரணுக்கள் அயற்பொருள்களை விழுங்கி உடலைக் காக்கின்றன என்ற கருத்தை முன்வைத்தார். இதற்காக 1908 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசை பவுல் எர்லிக்குடன் பகிர்ந்துகொண்டார். எனினும் முள் குத்திய இடம் எதுவென்று அவ்வுயிரணுக்களுக்கு எது அறிவிக்கிறது என்ற கேள்வி பல பத்தாண்டுகள் விடையின்றி இருந்தது.

காய்ச்சல் ஊக்கி

1948 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் பவுல் பீசன், முயலின் வெள்ளையணுக்களிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள் வேறு முயல்களுக்குக் காய்ச்சலை உண்டாக்குவதைக் காட்டினார். காய்ச்சலுக்குக் கிருமியின் நச்சே நேரடிக் காரணம் என்று எண்ணப்பட்டுவந்த நிலையில், உடலின் சொந்த உயிரணுக்களே காய்ச்சலைத் தூண்டும் செய்தியை வெளியிடுகின்றன என்பது முக்கியமான திருப்பம் ஆகும். மிக நுண்ணிய அளவிலேயே கிடைத்ததால் இப்பொருளைத் தூய்மைப்படுத்துவது கடினமாக இருந்தது. சார்லஸ் டினாரெல்லோவும் உடன் பணியாற்றியோரும் 1977 ஆம் ஆண்டில் மனித வெள்ளையணுக்களின் காய்ச்சல் ஊக்கியைத் தூய்மையாகப் பிரித்தனர். இதுவே இன்டர்லியூக்கின்-1 ஆகும். இதன் மரபணு 1984 ஆம் ஆண்டில் படியெடுக்கப்பட்டது.

ஒரே புரதம், இரு பெயர்

1975 ஆம் ஆண்டில் நியூயார்க்கின் மெமோரியல் சுலோன் கெட்டரிங் நிறுவனத்தில் எலிசபெத் கார்ஸ்வெல், லாயிட் ஓல்ட் முதலியோர், பாக்டீரிய நச்சு செலுத்தப்பட்ட எலிகளின் குருதிநீரில் புற்றுக்கட்டிகளை நசியச் செய்யும் ஒரு பொருளைக் கண்டனர். அதற்குக் கட்டி நசிவுக் காரணி என்று பெயரிட்டனர். இது சுருக்கமாக டி.என்.எஃப் எனப்படுகிறது.

அதே நகரின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் அந்தோனி செராமியும் புரூஸ் பாய்ட்லரும் வேறொரு கேள்வியை ஆராய்ந்து வந்தனர். ஒட்டுண்ணித் தொற்று நீடித்த விலங்குகள் உண்டும் உண்ணாமலும் உருக்குலைந்து மெலிவது ஏன் என்பதே அது. அவர்கள் பிரித்தெடுத்த மெலிவூக்கும் புரதத்துக்குக் ககெக்டின் என்று பெயர் வைத்தனர். 1985 ஆம் ஆண்டில் இவ்விரண்டும் ஒரே புரதம் என்று தெரியவந்தது. புற்றுநோய்க்கு மருந்தாகும் என ஒரு குழு எதிர்பார்த்த பொருளும், உடலை உருக்கும் காரணி என மற்றொரு குழு தேடிய பொருளும் ஒன்றாக இருந்தன.

அதே ஆண்டில், டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் எதிர்ப்பொருளை முன்கூட்டியே செலுத்தினால் எலிகள் பாக்டீரிய நச்சின் கொல்லும் விளைவிலிருந்து பாதுகாக்கப்படுகின்றன என்று பாய்ட்லரும் செராமியும் காட்டினர். 1986 ஆம் ஆண்டில் கெவின் டிரேசி முதலியோர், கிருமி எதுவுமின்றித் தூய டி.என்.எஃப்-ஐ மட்டும் செலுத்தினாலும் எலிகளில் குருதி அழுத்தம் வீழ்ந்து கடும் அதிர்ச்சி நிலை ஏற்படுவதைக் காட்டினர். கடும் தொற்றில் உயிரிழப்புக்குக் கிருமி மட்டுமன்றி, அதற்கு உடல் தரும் மறுமொழியும் காரணமாகலாம் என்பது இவ்வாய்வுகளால் வலுப்பெற்றது.

செயல்படும் முறை

இடரை அறிதல்

திசுக்களில் நிலையாகத் தங்கியிருக்கும் பெருவிழுங்கி என்னும் வெள்ளையணு வகையே பெரும்பாலும் முதலில் இடரை உணர்கிறது. இதன் மேற்பரப்பிலும் உள்ளேயும் கிருமிகளுக்கே உரிய வேதிக் கட்டமைப்புகளை அடையாளம் காணும் ஏற்பிகள் உள்ளன. இவற்றுள் டோல்-போன்ற ஏற்பிகள் நன்கு அறியப்பட்டவை. பழ ஈக்களின் நோயெதிர்ப்பில் டோல் மரபணுவின் பங்கை 1996 ஆம் ஆண்டில் யூல்ஸ் ஹோஃப்மானின் குழுவும், பாலூட்டிகளில் பாக்டீரிய நச்சை உணரும் ஏற்பியை 1998 ஆம் ஆண்டில் பாய்ட்லரின் குழுவும் கண்டறிந்தன. இவ்விருவரும் 2011 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பாதியைப் பகிர்ந்துகொண்டனர். மறுபாதி ரால்ஃப் ஸ்டைன்மானுக்கு அளிக்கப்பட்டது.

கிருமி இல்லாவிடினும் அழற்சி தோன்றலாம். சிதைந்த உயிரணுக்களிலிருந்து வெளிவரும் பொருள்களும், மூட்டில் படியும் யூரிக் அமிலப் படிகங்களும் இதே எச்சரிக்கை அமைப்பைத் தூண்டவல்லவை. கௌட் எனப்படும் மூட்டு நோயில் திடீரென எழும் கடும் வலி இவ்வாறு உண்டாவதே.

செய்தியை ஆக்குதலும் வெளியிடுதலும்

ஏற்பி தூண்டப்பட்டதும் உயிரணுவினுள் தொடர் வினைகள் நிகழ்ந்து, என்.எஃப்-கப்பா-பி என்னும் புரதம் உட்கருவுக்குள் நுழைகிறது. 1986 ஆம் ஆண்டில் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் ஆகியோர் கண்டறிந்த இப்புரதம், டி.என்.எஃப், இன்டர்லியூக்கின்-6, இன்டர்லியூக்கின்-8 முதலிய பல மரபணுக்களை இயக்கும் பொது ஆளியாகச் செயல்படுகிறது. தூண்டல் இல்லாதபோது, தடுப்புப் புரதம் ஒன்று இதனை உட்கருவுக்கு வெளியே பிடித்து வைத்திருக்கிறது.

ஆற்றல் மிக்க செய்திகள் தவறுதலாக வெளியேறாதிருக்கப் பல கட்டுப்பாடுகள் உள்ளன. டி.என்.எஃப் முதலில் உயிரணுப் படலத்தில் பதிந்த நிலையில் உருவாகிறது. தனி நொதி ஒன்று வெட்டிய பின்னரே அது விடுபட்டு வெளியேறுகிறது. இன்டர்லியூக்கின்-1 பீட்டா செயலற்ற முன்வடிவமாக ஆக்கப்படுகிறது. இன்ஃபிளமசோம் எனப்படும் புரதக் கூட்டமைப்பு உருவாகி, அதன் நொதி வெட்டினால்தான் அது செயல்வடிவம் பெறுகிறது. அதாவது மரபணு இயங்குவதற்கு ஒரு தூண்டலும், புரதம் முதிர்வதற்கு மற்றொரு தூண்டலும் தேவைப்படுகின்றன. மேலும் இப்புரதங்களுக்கான செய்திகாவும் ஆர்.என்.ஏ விரைவில் சிதையும் தன்மையுடையது. ஆகவே தூண்டல் நின்றால் உற்பத்தியும் விரைவில் நின்றுவிடும்.

குருதிக் குழாயில் நிகழ்வன

சைட்டோக்கைன்கள் உருவாகச் சிறிது நேரம் தேவை. அதற்கு முன்பே, திசுக்களில் உள்ள மாஸ்ட் உயிரணுக்கள் தம்முள் சேமித்து வைத்திருக்கும் இஸ்டமினை வெளியிட்டு, சில நிமிடங்களில் குருதிக் குழாய்களை விரித்துக் கசியச் செய்கின்றன. புராஸ்டாகிளாண்டின், லியூக்கோட்ரையீன் என்னும் கொழுப்புவழிப் பொருள்களும் இதில் பங்கு பெறுகின்றன. லியூக்கோட்ரையீன் என்ற பெயரின் முற்பகுதி வெள்ளையணுவைக் குறிப்பதாகும்.

அடுத்த சில மணி நேரத்தில் டி.என்.எஃப், இன்டர்லியூக்கின்-1 ஆகியவை குழாயின் உட்சுவர் உயிரணுக்களை மாற்றுகின்றன. வழவழப்பாக இருந்த சுவரில் செலெக்டின் முதலிய ஒட்டுப் புரதங்கள் முளைக்கின்றன. குருதியில் விரைந்து செல்லும் நியூட்ரோஃபில்கள் பின்வரும் படிகளில் வெளியேறுகின்றன:

1. செலெக்டின்களில் இலேசாக ஒட்டி, விடுபட்டு, சுவரின்மீது மெதுவாக உருளுதல்.
2. சுவரில் தங்கியுள்ள இன்டர்லியூக்கின்-8 போன்ற ஈர்ப்புக்குறிகளை உணர்ந்து செயலூக்கம் பெறுதல்.
3. இன்டெக்ரின் என்னும் புரதங்களின் உதவியால் இறுகப் பற்றி நிற்றல்.
4. சுவர் உயிரணுக்களுக்கு இடையே நெளிந்து நுழைந்து திசுவை அடைதல்.
5. இன்டர்லியூக்கின்-8 இன் செறிவு கூடும் திசையை நோக்கி நகர்ந்து, தொற்றிடத்தைச் சேர்தல்.

மனித உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோஃபில்களை ஆக்குகிறது. குருதியிலுள்ள வெள்ளையணுக்களில் பொதுவாக 40 முதல் 70 விழுக்காடு வரை இவையே. கிருமிகளை விழுங்கியும் நச்சுப் பொருள்களை உமிழ்ந்தும் போரிட்டு இவை மடிகின்றன. சீழ் என்பது பெரும்பாலும் இறந்த நியூட்ரோஃபில்களும் சிதைந்த திசுவும் சேர்ந்ததாகும்.

உடல் முழுவதுக்குமான விளைவுகள்

தொற்று வலுவாக இருந்தால் சைட்டோக்கைன்கள் குருதி வழியாகத் தொலை உறுப்புகளையும் எட்டுகின்றன.

- மூளை: இன்டர்லியூக்கின்-1, இன்டர்லியூக்கின்-6, டி.என்.எஃப் ஆகியவற்றின் தூண்டலால் ஐப்போத்தலாமசு பகுதியில் புராஸ்டாகிளாண்டின் ஈ2 கூடி, உடல் வெப்பத்தின் இலக்கு அளவு உயர்கிறது. புதிய இலக்கை எட்டும்வரை உடல் தன்னைக் குளிர்ந்திருப்பதாகவே கொள்வதால் நடுக்கம் ஏற்படுகிறது. பாராசிட்டமால், ஆஸ்பிரின் ஆகியவை புராஸ்டாகிளாண்டின் ஆக்கத்தைத் தடுத்துக் காய்ச்சலைத் தணிக்கின்றன; தொற்றை நீக்குவதில்லை. பசியின்மை, சோர்வு, உறக்கச் சாய்வு ஆகியவையும் மூளையின்மீது சைட்டோக்கைன்கள் செலுத்தும் தாக்கத்தால் வருவன.
- கல்லீரல்: இன்டர்லியூக்கின்-6 கல்லீரலைத் தூண்டி, சி.ஆர்.பி எனப்படும் சி-வினைப் புரதம் முதலியவற்றைச் சுரக்கச் செய்கிறது.
- எலும்பு மச்சை: புதிய வெள்ளையணுக்களின் ஆக்கமும் வெளியேற்றமும் கூடுகின்றன. குருதிப் பரிசோதனையில் வெள்ளையணு எண்ணிக்கை உயர்ந்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

முதன்மையான சைட்டோக்கைன்கள்

- டி.என்.எஃப்: பெருவிழுங்கிகள் மிகுதியாகச் சுரக்கின்றன. குருதிக் குழாய்ச் சுவரைத் தூண்டுதல், பிற சைட்டோக்கைன்களின் ஆக்கத்தைத் தொடக்குதல், நீடித்தால் உடல் மெலிவு.
- இன்டர்லியூக்கின்-1: காய்ச்சல், குழாய்ச் சுவர் மாற்றம், மூட்டுக் குருத்தெலும்புச் சிதைவு.
- இன்டர்லியூக்கின்-6: கல்லீரல் புரதங்களின் ஆக்கம், பி-நிணநீரணுக்களின் வளர்ச்சி. 1986 ஆம் ஆண்டில் ஜப்பானில் ததாமிட்சு கிஷிமோட்டோ, டோஷியோ ஹிரானோ முதலியோர் இதன் மரபணுவைப் படியெடுத்தனர்.
- இன்டர்லியூக்கின்-8: நியூட்ரோஃபில்களை ஈர்த்தல். 1980களின் பிற்பகுதியில் அறியப்பட்டது.
- இன்டர்லியூக்கின்-10: மேற்கண்டவற்றுக்கு மாறாக அழற்சியைத் தணித்தல்.

பெருக்கமும் தணிப்பும்

டி.என்.எஃப்-உம் இன்டர்லியூக்கின்-1-உம் தம்மை ஆக்கிய உயிரணுவையே மீண்டும் தூண்டி, மேலும் சைட்டோக்கைன்களைச் சுரக்கச் செய்கின்றன. மின்னணுவியலில் நேர்ப் பின்னூட்டம் எனப்படுவதை ஒத்தது இது. சில உயிரணுக்கள் உணர்ந்த இடர் விரைவில் ஆயிரக்கணக்கான உயிரணுக்களின் மறுமொழியாகப் பெருகுவது இதனால்தான். நுண்ணுயிர்கள் விரைந்து பெருகுபவை ஆதலால் இவ்விரைவு இன்றியமையாதது. ஆனால் நேர்ப் பின்னூட்டம் மட்டுமே உள்ள எந்த அமைப்பும் கட்டுக்கடங்காமல் போய்விடும். ஆகவே உடல் தணிப்புக்கும் தனி ஏற்பாடுகளை வைத்துள்ளது:

- இன்டர்லியூக்கின்-10, அழற்சிச் சைட்டோக்கைன்களின் ஆக்கத்தை அடக்குகிறது.
- இன்டர்லியூக்கின்-1 இன் ஏற்பியில் அமர்ந்தும் அதனைத் தூண்டாத ஒரு போலிப் புரதம், உண்மையான செய்தி சேர்வதைத் தடுக்கிறது.
- ஏற்பிகள் சில உயிரணுப் படலத்திலிருந்து கழன்று குருதியில் மிதந்து, சைட்டோக்கைன்களைப் பிடித்துக்கொள்கின்றன.
- அட்ரினல் சுரப்பி வெளியிடும் கார்ட்டிசோல் என்னும் இயக்குநீர், சைட்டோக்கைன் மரபணுக்களின் இயக்கத்தைக் குறைக்கிறது.

தணிப்பு அமைப்பின் இன்றியமையாமையைப் பிறவிக் குறைபாடுகள் காட்டுகின்றன. இன்டர்லியூக்கின்-10 இன் ஏற்பியில் பழுதுடன் பிறக்கும் குழந்தைகளுக்கு முதல் ஆண்டுகளிலேயே கடும் குடல் அழற்சி உண்டாகிறது என்பது 2009 ஆம் ஆண்டில் தெரியவந்தது. அதே ஆண்டில், மேற்கூறிய போலிப் புரதம் இல்லாமல் பிறந்த குழந்தைகளின் தோலும் எலும்பும் கடும் அழற்சிக்கு உள்ளாவதும் அறியப்பட்டது.

அளவு மீறும்போது

செப்சிஸ்

தொற்றுக்கு உடல் தரும் மறுமொழி ஒழுங்கு தவறி, உறுப்புகள் செயலிழக்கும் நிலை செப்சிஸ் எனப்படும். காலில் வீக்கமாக வெளிப்படும் அதே குழாய்க் கசிவு உடல் முழுவதும் நிகழ்ந்தால் குருதி அழுத்தம் வீழ்கிறது. சிறுநீரகம், நுரையீரல் முதலிய உறுப்புகளுக்கு உயிர்வளி போதாமல் போகிறது.

விலங்காய்வுகளின் வெற்றியைத் தொடர்ந்து, 1990களில் செப்சிஸ் நோயாளிகளுக்கு டி.என்.எஃப் தடுப்பு எதிர்ப்பொருள்கள் கொடுத்துப் பார்க்கப்பட்டன. எதிர்பார்த்த அளவுக்கு இறப்புகள் குறையவில்லை. விலங்குகளுக்கு மருந்து பெரும்பாலும் நச்சுக்கு முன்போ உடனோ கொடுக்கப்பட்டது. பாக்டீரிய நச்சு செலுத்தப்பட்டால் குருதியில் டி.என்.எஃப் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் உச்சத்தை எட்டி விரைவில் தணிந்துவிடுகிறது. நோயாளி மருத்துவமனையை அடையும்போது அச்செய்தி தன் வேலையை முடித்துவிட்டிருக்கும். செப்சிஸ் மருத்துவத்தில் நுண்ணுயிர்க்கொல்லிகளை விரைந்து தொடங்குவதும் குருதி அழுத்தத்தைக் காப்பதும் இன்றும் அடிப்படையாக உள்ளன.

2006 ஆம் ஆண்டின் இலண்டன் மருந்துச் சோதனை

2006 ஆம் ஆண்டு மார்ச் 13 அன்று இலண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், டி.ஜி.என்.1412 என்னும் எதிர்ப்பொருள் முதன்முறையாக மனிதர்களுக்குச் செலுத்தப்பட்டது. டி-உயிரணுக்களின் சி.டி.28 ஏற்பியைத் தூண்டும் மருந்து இது. உடல்நலமுள்ள 6 தன்னார்வலர்கள் மருந்தையும், 2 பேர் வெற்றுமருந்தையும் பெற்றனர். மருந்து பெற்ற 6 பேருக்கும் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்குள் தலைவலி, தசைவலி, குமட்டல், குருதி அழுத்த வீழ்ச்சி ஆகியவை தோன்றின. ஒரு நாளுக்குள் அனைவரும் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டுத் தீவிர நிலையை அடைந்தனர். அவர்களிடம் எத்தொற்றும் இருக்கவில்லை. தீவிர மருத்துவத்தால் அறுவரும் உயிர் பிழைத்தனர். இந்நிகழ்வை கணேஷ் சுந்தரலிங்கமும் உடன் பணியாற்றிய மருத்துவர்களும் அதே ஆண்டில் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டனர்.

மருந்து முன்னர்க் குரங்குகளில் பாதுகாப்பாகவே இருந்தது. சோதிக்கப்பட்ட குரங்கினத்தின் ஒருவகை நினைவு டி-உயிரணுக்களில் சி.டி.28 இல்லை என்பதும், மனிதரில் அதே உயிரணுக்களே சைட்டோக்கைன்களைப் பெருக்கியிருக்கக்கூடும் என்பதும் பின்னர்த் தெரியவந்தன. இந்நிகழ்வுக்குப்பின், புதிய மருந்தை மனிதருக்கு முதலில் கொடுக்கும்போது மிகக் குறைந்த அளவில் தொடங்கவும், ஒருவருக்குக் கொடுத்து விளைவைப் பார்த்தபின் அடுத்தவருக்குக் கொடுக்கவும் ஐரோப்பிய நெறிமுறைகள் திருத்தப்பட்டன.

கார்-டி மருத்துவம்

நோயாளியின் டி-உயிரணுக்களை மரபணு மாற்றம் செய்து, குருதிப் புற்றுநோய்க்கு எதிராகச் செலுத்தும் முறை கார்-டி மருத்துவம் எனப்படும். 2012 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இம்மருத்துவம் பெற்ற சிறுமி ஒருவர் கடும் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் ஏற்பட்டு இறக்கும் நிலையை அடைந்தார். அவருடைய குருதியில் இன்டர்லியூக்கின்-6 மிக உயர்ந்திருந்தது. மூட்டு நோய்க்குப் பயன்படும், இன்டர்லியூக்கின்-6 ஏற்பியைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்து கொடுக்கப்பட்டபின் அவர் விரைவில் தேறினார். 2017 ஆம் ஆண்டில் அமெரிக்கா இப்பயன்பாட்டுக்கு முறைப்படி ஒப்புதல் அளித்தது.

கோவிட்-19

கோவிட்-19 பெருந்தொற்றின்போது 'சைட்டோக்கைன் புயல்' என்ற சொல் பொதுமக்களிடையே பரவியது. எனினும் பெரும்பாலான நோயாளிகளின் குருதியில் இன்டர்லியூக்கின்-6 அளவு, கார்-டி பக்கவிளைவில் காண்பதைவிட மிகக் குறைவாகவே இருந்தது. இங்குப் பெரும் சேதம் நுரையீரலில் நிகழ்ந்தது.

அழற்சியை எப்போது அடக்க வேண்டும் என்பதற்குத் தெளிவான சான்றை பிரித்தானியாவின் ரெக்கவரி ஆய்வு 2020 ஆம் ஆண்டில் தந்தது. டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு, செயற்கை மூச்சுக்கருவியில் இருந்தோரின் 28 நாள் இறப்பு விகிதத்தை 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 விழுக்காடாகக் குறைத்தது. ஆக்சிசன் தேவைப்படாத நோயாளிகளுக்கு எப்பயனும் தெரியவில்லை. அவர்களிடையே மருந்து பெற்றோரில் 17.8 விழுக்காட்டினரும், பெறாதோரில் 14.0 விழுக்காட்டினரும் இறந்தனர். இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானதன்று எனினும், தொற்றின் தொடக்கத்தில் ஸ்டீராய்டு கொடுப்பதற்கு எதிரான எச்சரிக்கையாக அமைந்தது. 2021 ஆம் ஆண்டில் இந்தியாவில் பெருகிய கரும்பூஞ்சை நோய்க்கு, கட்டுப்பாடற்ற நீரிழிவுடன் ஸ்டீராய்டுகளின் மிகைப்பயன்பாடும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

நாட்பட்ட அழற்சி

முடக்குவாத மூட்டழற்சியில், தொற்று எதுவுமின்றியே மூட்டு உறையில் சைட்டோக்கைன்கள் தொடர்ந்து சுரந்து, குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன. மூட்டில் பல சைட்டோக்கைன்கள் ஒரே நேரத்தில் இருப்பதால், ஒன்றைமட்டும் தடுப்பதால் பயனில்லை என்று கருதப்பட்டது. இலண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி ஆகியோரின் குழு, நோயாளிகளின் மூட்டுத் திசுவைச் சோதனைக்கலத்தில் வைத்து டி.என்.எஃப்-ஐத் தடுத்தபோது இன்டர்லியூக்கின்-1 ஆக்கமும் குறைவதை 1989 ஆம் ஆண்டில் காட்டியது. அதாவது மற்றச் செய்திகளுக்கு மேல்மட்டத்தில் டி.என்.எஃப் இருந்தது. 1992 ஆம் ஆண்டில் 20 நோயாளிகளிடம் தொடங்கிய சோதனையில் வலியும் வீக்கமும் வெகுவாகத் தணிந்தன. இவ்விருவரும் 2003 ஆம் ஆண்டில் லாஸ்கர் விருது பெற்றனர்.

மாரடைப்புக்குக் காரணமான தமனித் தடிப்பிலும் அழற்சிக்குப் பங்கு உண்டு. முன்பு மாரடைப்பு ஏற்பட்ட 10,061 பேரிடம் நடத்தி 2017 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், இன்டர்லியூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் மருந்தின் 150 மில்லிகிராம் அளவு, கொலஸ்டிராலைக் குறைக்காமலேயே, மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு ஆகியவற்றின் வீதத்தை 15 விழுக்காடு குறைத்தது. ஆனால் மருந்து பெற்றோரிடையே உயிர்க்கொல்லித் தொற்றுகள் கூடின. மொத்த இறப்பு வீதத்தில் தெளிவான மாற்றம் காணப்படவில்லை.

சைட்டோக்கைன் தடுப்பு மருந்துகள்

- இன்ஃபிளிக்சிமாப்: டி.என்.எஃப்-ஐப் பிணைக்கும் எதிர்ப்பொருள். அமெரிக்காவில் 1998 ஆம் ஆண்டில் குரோன் குடல் நோய்க்கும், 1999 ஆம் ஆண்டில் முடக்குவாதத்துக்கும் ஒப்புதல் பெற்றது.
- எட்டனர்செப்ட்: டி.என்.எஃப் ஏற்பியைப் போன்ற செயற்கைப் பொறி. 1998.
- அனகின்ரா: இன்டர்லியூக்கின்-1 ஏற்பியை அடைக்கும் இயற்கைப் போலிப் புரதத்தின் மருந்து வடிவம். 2001.
- அடலிமுமாப்: டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் மனித எதிர்ப்பொருள். 2002. இதன் ஒப்புமை மருந்து இந்தியாவில் 2014 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது.
- டோசிலிசுமாப்: 2005 ஆம் ஆண்டில் ஜப்பானில் முதல் ஒப்புதல் பெற்றது.

காசநோய் இடர்

காசநோய்க் கிருமி உடலில் புகுந்த பலருக்கு நோய் வெளிப்படுவதில்லை. பெருவிழுங்கிகள் கூடிக் கிருமியைச் சூழ்ந்து, குருமணிக்கட்டி என்னும் சிறு முடிச்சினுள் அடைத்து வைக்கின்றன. அம்முடிச்சு சிதையாமல் இருக்க டி.என்.எஃப் தேவை. இன்ஃபிளிக்சிமாப் பெற்றவர்களுள் 70 பேருக்குக் காசநோய் ஏற்பட்டதாக 2001 ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை இதனை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. மூட்டை அரித்த அதே புரதம் நுரையீரலில் காவல் புரிந்துகொண்டிருந்தது. இதன்பின், இம்மருந்துகளைத் தொடங்குமுன் மறைநிலைக் காசநோய்க்கான பரிசோதனை செய்வது நடைமுறையானது. உலகில் காசநோயாளிகள் மிகுதியாக உள்ள இந்தியாவில் இப்பரிசோதனை தனி முக்கியத்துவம் உடையது.

மருந்தாக டி.என்.எஃப்

டி.என்.எஃப்-ஐப் புற்றுநோய் மருந்தாகக் குருதியில் செலுத்தும் முயற்சிகள் அதன் நச்சுத்தன்மையால் தோல்வியுற்றன. எனினும் கை, கால்களில் தோன்றும் சிலவகைத் திசுப் புற்றுகளுக்கு, அந்த உறுப்பின் குருதியோட்டத்தை உடலிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்து, உறுப்புக்குள் மட்டும் டி.என்.எஃப்-ஐயும் புற்றுநோய் மருந்தையும் செலுத்தும் முறைக்கு 1999 ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் ஒப்புதல் கிடைத்தது. உடல் முழுவதும் பரவினால் கொல்லக்கூடிய அளவு, ஓர் உறுப்புக்குள் அடைபட்டால் அவ்வுறுப்பை வெட்டாமல் காக்க உதவுகிறது.

நோயறிதலில் பயன்

சைட்டோக்கைன்கள் குருதியில் விரைவாக மறைவதால், அன்றாட மருத்துவத்தில் அவற்றைவிட அவற்றின் விளைவான சி.ஆர்.பி அளவே மிகுதியாகச் சோதிக்கப்படுகிறது. 1930 ஆம் ஆண்டில் நிமோனியா நோயாளிகளின் குருதிநீரில் கண்டறியப்பட்ட இப்புரதம், தூண்டல் தொடங்கிச் சில மணி நேரத்தில் உயரத் தொடங்கி, ஏறத்தாழ 48 மணி நேரத்தில் உச்சத்தை எட்டுகிறது. தூண்டல் நின்றால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. சி.ஆர்.பி உயர்வு அழற்சி உள்ளதைக் காட்டுமேயன்றி, அது எங்குள்ளது, எதனால் வந்தது என்பவற்றைக் காட்டாது.

பொதுவான தவறான கருத்துகள்

- 'நோய் எதிர்ப்பு ஆற்றல் கூடக்கூட நல்லது': செப்சிஸ், முடக்குவாதம், 2006 ஆம் ஆண்டின் இலண்டன் நிகழ்வு ஆகியவை எதிர்ப்பாற்றல் குறைந்ததால் மட்டும் வந்தவை அல்ல. கட்டுப்பாடு தவறியதே அவற்றின் பொதுக்கூறு.
- 'அழற்சி என்பதே நோய்': அழற்சி மறுமொழி இல்லையேல் சிறு காயமும் ஆபத்தாகும். நியூட்ரோஃபில்கள் மிகக் குறைந்த நோயாளிகளுக்குச் சாதாரணத் தொற்றும் உயிருக்கு இடராவது இதனைக் காட்டுகிறது.
- 'சீழ் இல்லையெனில் தொற்று இல்லை': வெள்ளையணுக்கள் குறைந்தோருக்கும் ஸ்டீராய்டு உட்கொள்வோருக்கும் சீழோ வீக்கமோ காய்ச்சலோ தெளிவாகத் தோன்றாமலேயே தொற்று பரவக்கூடும். எனவே அத்தகையோரிடம் சிறு அறிகுறியையும் புறக்கணிக்கக் கூடாது.

இவற்றையும் பார்க்கவும்

- அழற்சி
- வெள்ளையணு
- நோய் எதிர்ப்பு முறைமை
- செப்சிஸ்
- முடக்குவாத மூட்டழற்சி
- காசநோய்